ஆமைக்குப் பாடஞ் சொன்ன சிறுவர்



1953ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒருநாள், பி. எப். ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் தம் மகள் பயின்ற பாடசாலைக்குச் சென்று, கணித வகுப்பொன்றின் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். பெற்றோர் வந்து பார்ப்பதற்கென ஒதுக்கப்பட்ட நாள் அது. பிள்ளைகள் அனைவரும் ஒரே கணக்கையே செய்துகொண்டிருந்தனர். விரைவில் முடித்தவர் சும்மா இருந்தனர், முடியாதவர் திகைத்திருந்தனர். தாம் எழுதிய விடை சரியோ பிழையோ என்பது அவர்களுள் ஒருவருக்கும் அப்பொழுதே தெரியவில்லை. வீடு திரும்பிய ஸ்கின்னர் சின்னாட்களிற் பெட்டி போன்ற கருவியொன்றைச் செய்தார். அப்பெட்டி ஒரு வினாவைக் காட்டும்; பிள்ளை விடையளித்தவுடன் சரி பிழையை உணர்த்தும்; சரியாயின் அடுத்த வினாவுக்கு விடும். கற்பிக்கும் இயந்திரம் என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. அடுத்த பத்தாண்டில், ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றிக் சப்பீஸ் போன்றோர் பெருங் கணினிகளைத் தொலைபேசிக் கம்பி வழியே பாடசாலைகளோடு இணைத்து, எண்கணிதப் பயிற்சியை அவ்வாறே நடத்தினர். இயந்திரம் கேட்கும்; பிள்ளை விடை சொல்லும். இயந்திரமே ஆசான், பிள்ளையே மாணாக்கன்.

இந்த முறையைத் தலைகீழாக மாற்றினாலென்ன என்று சிலர் எண்ணினர். பிள்ளை ஆசானாகட்டும், இயந்திரம் மாணாக்கனாகட்டும் என்றனர். அவ்வெண்ணத்தின் வரலாற்றையே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன். ரோபோ எனப்படும் இயந்திரப் பொம்மைகளும், கைத்தொலைபேசியில் இயங்கும் செயலிகளும் இன்று நம் பிள்ளைகளின் கைக்கு வந்துள்ளன. கணிமைச் சிந்தனை என்னும் சொல்லும் கல்வி மாநாடுகளில் அடிக்கடி ஒலிக்கின்றது. இவை நேற்றுப் பிறந்தவையென்று நினைப்பார் பலர். இவற்றுக்கு அறுபது ஆண்டுக்கால வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறியாது கருவியை மட்டும் வாங்குவோர், முன்னோர் இடறிய இடத்திலேயே தாமும் இடறுதல் கூடும்.

சீமோர் பேப்பெர்ட் என்பவர் 1928ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியா நகரிற் பிறந்தவர். கணிதத்திலே பட்டம் பெற்று, மேலும் ஆய்வு செய்தற்பொருட்டுக் கேம்பிரிட்ஜ் சென்றவர். இளமையில் மோட்டார் வண்டியின் பற்சக்கரங்களிற் பெரிதும் ஈடுபட்டிருந்ததாக அவரே எழுதியுள்ளார். பெருக்கல் வாய்பாட்டையும் சமன்பாடுகளையும் அவர் சக்கரங்களாகவே மனத்திற் கண்டாராம். ஒரு சக்கரம் ஒருமுறை சுழன்றால் மற்றையது எத்தனை முறை சுழலும் என்ற எண்ணமே அவருக்கு விகிதமுறையைக் கற்பித்தது. 1950களின் பிற்பகுதியில் அவர் ஜெனீவா நகருக்குச் சென்று, குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த பேரறிஞர் ஜான் பியாஜேயுடன் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். பிள்ளையின் உள்ளம் வெறும் பாத்திரமன்று, அது தன் அறிவைத் தானே கட்டியெழுப்புகின்றது என்பது பியாஜேயின் கொள்கை. கட்டுவதற்கு வேண்டிய கல்லும் மண்ணும் எங்கிருந்து வரும் என்பதே பேப்பெர்ட் அதனோடு சேர்த்துக் கேட்ட வினா. தமக்குப் பற்சக்கரங்கள் கிடைத்தன. எல்லாப் பிள்ளைகளுக்கும் அவை கிடைப்பதில்லை. கிடைத்தாலும் எல்லாரும் அவற்றை விரும்புவதில்லை. பிள்ளைக்குப் பிள்ளை வெவ்வேறு வடிவங் கொள்ளத்தக்க ஒரு பொருள் உண்டாயின், அது கணினியாகவே இருத்தல் வேண்டும் என்று அவர் கருதினார்.

அந்நாளிற் கணினி என்பது ஓர் அறையை அடைத்து நிற்கும் இயந்திரம். அதன் விலையோ அரசாங்கங்களும் பெருங் கம்பனிகளும் மட்டுமே தாங்கக்கூடியது. அதனைப் பிள்ளைகளிடம் கொடுக்கவேண்டும் என்றவரைப் பித்தரென்று பலர் எண்ணியிருந்தால் வியப்பில்லை. ஆயினும் 1967ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், போல்ட் பெரானெக் நியூமன் என்னும் நிறுவனத்தில், வாலஸ் போயர்சைக், சிந்தியா சொலமன், டானியல் பொப்ரோ, பேப்பெர்ட் ஆகியோர் கூடிச் சிறுவர்க்கென ஒரு கணினிமொழியை ஆக்கினர். லோகோ என்று அதற்குப் பெயரிட்டவர் போயர்சைக். சொல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. பெயருக்கேற்ப, முதலில் அம்மொழி கோடுகளை வரையவில்லை. சொற்களையும் வாக்கியங்களையுமே ஆண்டது. 1968-69ஆம் ஆண்டில் லெக்சிங்டன் என்னும் ஊரின் மசி இடைநிலைப் பாடசாலையில் ஏழாந் தரத்து மாணவர்க்குக் கணித பாடமாகவே லோகோ கற்பிக்கப்பட்டது.

அப்பாடசாலையைப் பற்றிப் பேப்பெர்ட் பின்னாளில் நினைவுகூர்ந்த செய்தியொன்று எனக்கு மிகவும் உவப்பானது. கணித வகுப்புக்குச் செல்லும் வழியில் அவர் சித்திர வகுப்பைக் கடந்து செல்வார். அங்கே பிள்ளைகள் சவர்க்காரக் கட்டிகளைச் செதுக்கிச் சிற்பஞ் செய்துகொண்டிருப்பர். ஒரு நாளன்று, பல வாரங்கள் அதே வேலை நடந்தது. பிள்ளை தன் சிற்பத்தைப் பார்க்கும், யோசிக்கும், கனவு காணும், அயலவன் சிற்பத்தைப் பார்த்துத் தன்னதை மாற்றும். கணித வகுப்பிலோ கணக்கு ஒரு நிமிடத்திற் பிறந்து ஒரு நிமிடத்தில் இறக்கின்றது. சவர்க்காரச் சிற்பம் போன்ற கணிதம் ஒன்று இருக்க முடியாதா என்று அவர் ஏங்கினார். நம் பாடசாலைகளிலே கைப்பணி வகுப்பையும் கணித வகுப்பையும் அடுத்தடுத்துக் கண்ட ஆசிரியர் எவருக்கும் இவ்வேக்கம் புரியும். மணியடித்த பின்னும் பிள்ளைகள் எழுந்திராதது எந்த வகுப்பில் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

இந்த ஏக்கத்திலிருந்து பிறந்ததே ஆமை. ஆயினும் ஆமைக்கு ஒரு முன்னோன் இங்கிலாந்தில் இருந்தான். பிரிஸ்டல் நகரத்து பேர்டன் நரம்பியல் நிலையத்தில் மூளையின் மின்னலைகளை ஆராய்ந்த கிரே வால்ட்டர் என்பவர் 1948-49ஆம் ஆண்டுகளில் இரண்டு சிறு இயந்திரங்களைச் செய்து, எல்மர், எல்சி என்று பெயரிட்டார். ஓடு கவிழ்த்த தோற்றத்தாலும் மெல்ல நகர்ந்தமையாலும் அவை ஆமைகள் எனப்பட்டன. பழைய வானொலிப் பெட்டியை உடையோர் அதனுள் ஒளிரும் வால்வுகளை அறிவர். அத்தகைய வால்வுகள் இரண்டே எல்சியின் மூளை. ஒளியை உணரும் கண் ஒன்று, முட்டினால் உணரும் தொடுகை ஒன்று. இவ்வளவே கொண்டு அது வெளிச்சத்தை நாடிச் சென்றது. மேசைக் காலில் முட்டினால் விலகிற்று. மின்கலம் தளர்ந்தால் விளக்கெரியும் தன் கூட்டுக்குத் திரும்பிற்று. 1951ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்த பிரித்தானியப் பெருவிழாவிற் சனங்கள் இவ்வாமைகளைக் கண்டு களித்தனர். ஆனால் வால்ட்டரின் ஆமைக்கு எவரும் கட்டளையிடவில்லை. அது தன்போக்கில் திரிந்தது.

ஏறத்தாழ 1970ஆம் ஆண்டளவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பேப்பெர்ட்டும் தோழரும் செய்த ஆமை, சொன்னதைச் செய்யும் ஆமை. கவிழ்த்த கிண்ணம் போன்ற உடல், அடியிலே சக்கரங்கள், நடுவில் ஒரு பேனா. தரையிற் பெரிய தாளை விரித்து ஆமையை அதன்மேல் விடுவர். பிள்ளை தட்டச்சுப் பொறியில் ‘முன்செல் 100’ என்று கட்டளை கொடுத்தால் ஆமை நேரே ஊர்ந்து கோடு கீறும். ‘வலந்திரும்பு 90’ என்றால் நின்ற இடத்திலேயே செங்கோணமாகத் திரும்பும். இவ்விரண்டையும் நான்கு முறை செய்தாற் சதுரம் ஒன்று தோன்றும்.

ஆமையின் அருமை இங்கேதான் இருக்கின்றது. சதுரம் என்னும் சொல் ஆமைக்குத் தெரியாது. பிள்ளைதான் அச்சொல்லைக் கற்பிக்கவேண்டும். முன்செல், திரும்பு என்னும் கட்டளைகளைக் கோவையாக எழுதி, இதற்குச் சதுரம் என்று பெயர் என ஒருமுறை சொல்லிவிட்டால், அதன்பின் சதுரம் என்ற ஒரே சொல்லுக்கு ஆமை பணிந்து நடக்கும். அவ்வாறே முக்கோணத்தைக் கற்பிக்கலாம். பின் இரண்டையும் சேர்த்து வீடு என்னும் சொல்லைக் கற்பிக்கலாம். வீடுகளைச் சேர்த்துத் தெருவைக் கற்பிக்கலாம். பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பகுத்தல், பகுத்தவற்றுக்குப் பெயரிட்டு மீண்டும் பயன்படுத்தல், செயல்களை முறைப்பட வரிசைப்படுத்தல், பிழை கண்டால் அதன் இடத்தைத் தேடித் திருத்தல் ஆகிய இவையே இன்று கணிமைச் சிந்தனை என்று பேசப்படுகின்றன.

நேயர்களே, உங்கள் வீட்டு முற்றத்திலேயே இதனைச் செய்து பார்க்கலாம். ஒரு பிள்ளை ஆமையாகட்டும். மற்றொரு பிள்ளை கட்டளையிடட்டும். முக்கோணம் வரையச் சொல்லுங்கள். முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று படித்த பிள்ளை, முன்செல், 60 பாகை திரும்பு என்று மூன்று முறை சொல்லும். முக்கோணம் வராது. மூடாத கிண்ணம் போன்ற ஓர் உருவமே, அதாவது அறுகோணத்தின் அரைப்பகுதியே வரும். பிழை எங்கே? 60 பாகை என்பது முக்கோணத்தின் உட்கோணம். நடந்து செல்பவன் திரும்பவேண்டியதோ புறக்கோணம், 120 பாகை. ஆமை புறப்பட்ட இடத்துக்கு வந்து புறப்பட்ட திசையையே மறுபடி நோக்கி நிற்கவேண்டுமாயின், மொத்தத்தில் 360 பாகை திரும்பியிருத்தல் வேண்டும். மூன்று திருப்பமாயின் ஒவ்வொன்றும் 120, நான்காயின் 90, ஐந்தாயின் 72. இவ்வுண்மையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் மறுநாளே மறந்துவிடும் பிள்ளை, தன் காலால் நடந்து கண்டால் எளிதில் மறவாது. வட்டம் வரைவது எப்படி என்று கேட்ட சிறுவரிடமும், நீயே ஆமையாகி நடந்து பார் என்பதே பேப்பெர்ட்டின் மறுமொழி. நடந்து பார்த்த பிள்ளை, சிறிது முன்செல், சிறிது திரும்பு, இதையே செய்துகொண்டிரு என்று சொல்லும். வட்டத்துக்கு அதைவிடத் தெளிவான வரைவிலக்கணம் வேறு என்ன வேண்டும்?

வீடு வரையும் பிள்ளைக்குப் பெரும்பாலும் நேரும் பிழை வேறொன்று. சதுரம், முக்கோணம் என்று கட்டளையிட்டவுடன் கூரை வீட்டின் மேல் நில்லாது உள்ளே வீழ்ந்து கிடக்கும். சதுரத்தை முடித்த ஆமை கீழ்மூலையில் நிற்பதைப் பிள்ளை மறந்துவிட்டது. ஆமையை முதலில் மேல்மூலைக்கு நடத்தி, 30 பாகை வலப்புறம் திருப்பி, அதன்பின் முக்கோணம் என்று சொன்னாற் கூரை தன் இடத்திலே சென்று பொருந்தும். இங்கே ஆசிரியர் சிவப்பு மையினால் அடிக்கவில்லை. பத்துக்கு இரண்டு என்று புள்ளியிடவில்லை. பிழையே, தான் எங்கே இருக்கின்றேன் என்று பிள்ளைக்குக் காட்டிக்கொடுத்தது.

ஆங்கிலத்திற் பூச்சி எனப் பொருள்படும் சொல்லாற் கணினியார் குறிக்கும் இப்பிழையைத் தமிழில் வழு என்று வழங்குகின்றனர். தமிழாசிரியனாகிய எனக்கு அச்சொல்லைக் கேட்குந்தோறும் மகிழ்ச்சி. நம் இலக்கணகாரர் திணைவழு, பால்வழு, காலவழு என்று வழுக்களை வகைப்படுத்தியதோடு நில்லாது, ஒரு காரணம்பற்றி ஏற்கத்தக்கதாயின் வழுவமைதி என்று அதற்கும் இடங்கொடுத்தனர். பிழையை வெறுத்து ஒதுக்காமல் அதன் வகையையும் காரணத்தையும் ஆராயும் மனப்பான்மை நமக்குப் புதியதன்று.

ஆமை எழுத்தறிந்த பிள்ளைக்கே பயன்படுமா என்ற வினா விரைவில் எழுந்தது. 1970களின் நடுப்பகுதியில் அக்கழகத்திலே மாணவியாயிருந்த ராடியா பேர்ல்மன், மூன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளுக்கெனப் பொத்தான்கள் பதித்த பெட்டியையும், படம் வரைந்த அட்டைகளைச் செருகும் பொறியையும் செய்தார். அட்டைகளை வரிசையாகச் செருகி ஒரு பொத்தானை அழுத்தினால் ஆமை அவ்வரிசைப்படி இயங்கும். அட்டையை இடம்மாற்றினால் நடையும் மாறும். பின்னாளிற் கணினி வலையமைப்புத் துறையிற் பெரும்புகழ் பெற்றவர் இவ்வம்மையார். இன்று கடைகளில் விற்கும் தேனீ வடிவப் பொம்மைக்கும், பட்டைக்குறி பொறித்த மரக்கட்டைகளைப் படித்து இயங்கும் கீபோ என்னும் வண்டிக்கும் மூலத்தை இங்கேயே காணலாம். தேனீப் பொம்மையின் முதுகிலே ஏழு பொத்தான்கள். ஒருமுறை அழுத்தினால் 15 சென்றிமீற்றர் நகரும். அதற்குத் திரையுமில்லை, எழுத்துமில்லை.

1980ஆம் ஆண்டிற் பேப்பெர்ட் எழுதிய ‘மைண்ட்ஸ்டோர்ம்ஸ்’ என்னும் நூல் வெளிவந்தது. அதே காலத்தில் மேசையில் வைக்கத்தக்க சிறு கணினிகளும் விலைக்கு வந்தன. தரையில் ஊர்ந்த ஆமை திரையில் ஏறிச் சிறு முக்கோணமாயிற்று. வானொலி நேயர்களுக்கு உவப்பான செய்தி ஒன்றையும் இடையிற் சொல்கின்றேன். இங்கிலாந்திற் பாடசாலைகளுக்கெல்லாம் கணினியைக் கொண்டுசென்றதிற் பெரும்பங்கு ஓர் ஒலிபரப்பு நிலையத்துக்கு உரியது. 1981ஆம் ஆண்டில் பி. பி. சி. தன் பெயராலேயே ஒரு கணினியை வெளியிட்டு, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அதனை ஒட்டிய தொலைக்காட்சித் தொடரையும் நடத்திற்று. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2016இல், மைக்ரோபிட் என்னும் உள்ளங்கை அளவான கணினியை ஏறத்தாழப் பத்து இலட்சம் மாணவர்க்கு இலவசமாக வழங்குதற்கு முன்னின்றதும் அதே நிலையமே.

இங்கிலாந்தின் அயல்நாடாகிய பிரான்சிலே 1985ஆம் ஆண்டில் நடந்ததை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். எல்லாருக்கும் கணினியியல் என்னும் பெயரில் அந்நாட்டுப் பிரதமர் லொறான் பபியூஸ் ஒரு திட்டத்தை அறிவித்தார். ஏறத்தாழ 120,000 கணினிகள் சுமார் 50,000 பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டன. ஓராண்டுக்குள் ஒரு நாடு செய்த பெருமுயற்சி அது. இலட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்க்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. ஆனால் அது விடுமுறைக் காலத்துச் சின்னாட் பயிற்சி. கணினியை எந்தப் பாடத்தில் எதற்காகப் பயன்படுத்துவது என்ற தெளிவு எல்லார்க்கும் பிறக்கவில்லை. சில ஆண்டுகளில் அவ்வியந்திரங்கள் பழையனவாயின. பல பாடசாலைகளில் அவை மூலையில் முடங்கின. கட்டப்படாத பெட்டியைக் கண்டு மகிழும் திறப்புவிழாக்களை நாமும் அறிவோம். பெட்டி திறந்தபின் நடப்பதைப் பார்க்கவே ஆளில்லை.

அக்காலத்திலே நியூயோர்க் நகரத்து பேங்க் ஸ்ட்ரீட் கல்விக் கல்லூரியைச் சேர்ந்த ரோய் பீ, மிடியன் கேர்லண்ட் என்னும் இருவர் ஒரு நேரிய வினாவை எழுப்பினர். லோகோ படித்த பிள்ளை பிற காரியங்களிலும் சிறப்பாகத் திட்டமிடுகின்றதா? ஓராண்டளவு லோகோ பயின்ற பிள்ளைகளையும் பயிலாத பிள்ளைகளையும் அழைத்து ஒரு வேலை கொடுத்தனர். வகுப்பறையின் படத்தைக் காட்டி, செடிக்கு நீரூற்றுதல், கரும்பலகை துடைத்தல், கதிரைகளை ஒழுங்குசெய்தல் போன்ற கடமைகளை மிகக் குறைந்த நடையில் முடிக்க ஒரு வரிசை சொல்லுமாறு கேட்டனர். 1984ஆம் ஆண்டில் வெளியான முடிவு பலரைத் திடுக்கிடச் செய்தது. இரு சாராரிடையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பிள்ளைகள் திரையில் விரும்பிய படங்களை வரைந்தனர், மகிழ்ந்தனர், ஆனால் அந்தச் சிந்தனை திரையைவிட்டு வெளியே வரவில்லை.

பேப்பெர்ட் 1987இல் இதற்கு மறுப்பெழுதினார். லோகோ என்ன விளைவை உண்டாக்குகின்றது என்று கேட்பதே பிழை என்பது அவர் வாதம். மரம் நல்ல வீட்டை உண்டாக்குமா என்று கேட்பது போன்றது அது. மரத்தைக் கொண்டு தச்சன் என்ன செய்தான் என்றல்லவா கேட்கவேண்டும்? இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் அவர் அதனைச் சற்றுக் காலந்தாழ்த்திச் சொன்னார் என்பதே என் கருத்து. ஆமையை விட்டால் போதும், கணிதம் தானே பிறக்கும் என்று அவர் நூலைப் படித்த ஆயிரக்கணக்கான ஆசிரியர் நம்பியதற்கு அவருடைய நடையின் கவர்ச்சியும் ஒரு காரணம்.

இவ்வழக்குக்குத் தீர்ப்புப் போன்றதொரு முடிவு 1988ஆம் ஆண்டிற் கிடைத்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிளார், ஷரன் கார்வர் என்போர் லோகோவை மட்டும் கற்பிக்கவில்லை. வழு நீக்கும் முறையையும் வெளிப்படையாகக் கற்பித்தனர். நீ விரும்பியது என்ன? கிடைத்தது என்ன? இரண்டுக்கும் வேறுபாடு எது? அவ்வேறுபாட்டை உண்டாக்கத்தக்க பிழை எவ்வகையது? அது கட்டளைக் கோவையின் எந்தப் பகுதியில் இருத்தல் கூடும்? அந்தப் பகுதியை மட்டும் திருத்தி மறுபடி இயக்கிப் பார். இவ்வாறு படிப்படியாகப் பழகிய பிள்ளைகளிடம் பின்னர்க் கணினியோடு தொடர்பில்லாத எழுத்துமூல அறிவுறுத்தல்களைக் கொடுத்தனர். பொருள்களை அடுக்கும் முறை, ஓரிடத்துக்குச் செல்லும் வழி போன்றவை அவை. ஒவ்வொன்றிலும் ஒரு பிழை ஒளிந்திருந்தது. வழு நீக்கப் பயின்ற பிள்ளைகள் முழுவதையும் அடியிலிருந்து படித்துத் தடுமாறாமல், பிழை இருக்கத்தக்க இடத்தை நாடிச் சென்று திருத்தினர். அவர்களது சிந்தனை திரைக்கு வெளியே வந்துவிட்டது.

ஒரே மொழி, ஒரே ஆமை. நான்கு ஆண்டு இடைவெளியிலே இரு முடிவுகள். இடையில் மாறியது ஆசிரியரின் செயல். எந்த விளம்பரமும் இந்தச் செய்தியை நமக்குச் சொல்வதில்லை.

அதன்பின் வந்தவற்றை விரைந்து சொல்லலாம். 1980களின் பிற்பகுதியில் மிச்செல் ரெஸ்னிக் முதலியோர் லோகோவை லெகோ என்னும் விளையாட்டுக் கட்டைகளோடு இணைத்தனர். 1998இல் லெகோ கம்பனி கணினி பொதிந்த கட்டையொன்றைப் பேப்பெர்ட்டின் நூற்பெயராலேயே விற்கத் தொடங்கிற்று. அவ்வரிசை 2022 வரை நீடித்தது. 2007இல் ரெஸ்னிக்கின் குழுவினர் ஸ்க்ராட்ச் என்பதை வெளியிட்டனர். எழுத்துக் கட்டளைகளுக்குப் பதிலாக ஒன்றோடொன்று பொருந்தும் வண்ணக் கட்டைகளைத் திரையிற் கோக்கும் முறை அது. 2014இல், எழுத்தறியாச் சிறுவரும் படக்குறிகளைக் கொண்டு கதை இயற்றத்தக்க ஸ்க்ராட்ச் ஜூனியர் என்னும் செயலி கைக்கணினிகளுக்கு வந்தது. மரீனா உமாஷி பேர்ஸ் அதனை ஆக்கியோருள் ஒருவர். 2006ஆம் ஆண்டில் ஜனெற் விங் என்னும் பேராசிரியை, கணிமைச் சிந்தனை வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றோடு ஒப்ப எல்லாப் பிள்ளைக்கும் வேண்டியதென எழுதிய கட்டுரையே அச்சொல்லை உலகறியச் செய்தது. பேப்பெர்ட் அதே சொல்லை 1980இலேயே கையாண்டிருந்தார் என்பதைப் பலர் அறியார். எஸ்தோனியா 2012இலும், இங்கிலாந்து 2014இலும் தொடக்கப் பாடசாலையிலிருந்தே இக்கல்விக்கு வழிசெய்தன. பேப்பெர்ட் 2016ஆம் ஆண்டு ஆடி மாத இறுதியிற் காலமானார்.

இன்று செயலிகள் பெருகிக் கிடக்கின்றன. அவற்றை இரு குவியல்களாகப் பிரிப்பது என் வழக்கம். ஒரு குவியலில் உள்ளவை, பிள்ளைக்குப் புதிரொன்றைக் கொடுத்து, சரியாக முடித்தால் மூன்று நட்சத்திரமும் கைதட்டலும் வழங்கி அடுத்த கட்டத்துக்கு விடுவன. வண்ணமும் ஒலியும் நீங்கினால் அங்கே எஞ்சுவது ஸ்கின்னரின் பெட்டியே. பெட்டியால் பயனில்லை என்று நான் சொல்லேன். பயிற்சிக்கு அது உதவும். மற்றைக் குவியலில் உள்ளவை வெறுந்தாளைப் போன்றவை. பிள்ளை தான் எண்ணியதைத் தானே ஆக்கும். பிழைத்தால் தானே தேடும். இரண்டாவது குவியல் மிகச் சிறிது. அதில் உள்ளவற்றுட் பல இலவசமாகவே கிடைக்கின்றன என்பது ஏழைப் பாடசாலைகளுக்கு நல்ல செய்தி.

ரோபோ வகுப்புக்கு மாதந்தோறும் பணங்கட்டும் பெற்றோர் சிலர் என்னிடம் வந்து, அதனாற் பிள்ளைக்கு அறிவு கூடுமா என்று கேட்பதுண்டு. நான் அவர்களிடம் ஒன்றையே திருப்பிக் கேட்பேன். அந்த வண்டி சொன்னபடி ஓடாத நாளில் அதைத் திருத்தியவர் யார், உங்கள் மகளா, வகுப்பு நடத்துபவரா? மகளே திருத்தினாள் என்பாராயின், கொடுத்த பணம் வீண்போகவில்லை. கண்காட்சிக்கு முதல்நாள் இரவு ஆசிரியரே அனைத்தையும் சரிசெய்து, பிள்ளை மறுநாட் பொத்தானை மட்டும் அழுத்திப் பரிசு பெற்ற காட்சியையும் நான் கண்டிருக்கின்றேன். நகரத்துப் பிள்ளைக்கு விலையுயர்ந்த வண்டி, கிராமத்துப் பிள்ளைக்கு வெறுங்கை என்ற நிலை வருந்தத்தக்கதே. ஆயினும் கருவியில்லாத பாடசாலைக்குச் சிந்தனையும் இல்லை என்று எவரேனும் சொல்வாராயின், அதனை நாம் ஒப்புக்கொள்ளலாகாது.

ஏனெனில் கருவியின்றியே இதனைக் கற்பிக்கும் முறையை நியூசிலாந்தைச் சேர்ந்த டிம் பெல் என்பவர் இயன் விற்றன், மைக்கேல் பெலோஸ் என்போருடன் 1990களிலேயே வகுத்தளித்தார். அவர்களுடைய பாடங்களுள் ஒன்றுக்கு வேண்டியவை சுண்ணாம்புக்கட்டியும், ஆறு பிள்ளைகளும், எண் எழுதிய ஆறு துண்டுத் தாள்களுமே. மண்டபத் தரையிலோ முற்றத்திலோ கோடுகள் வரையப்படும்; இரண்டிரண்டு கோடுகள் சந்திக்கும் இடந்தோறும் ஒரு வட்டம். பிள்ளைகள் ஆறுபேரும் ஒரு முனையிலிருந்து ஒருங்கே புறப்படுவர். வட்டத்திற் சந்திக்கும் இருவர் தம் எண்களை ஒப்பிட்டு, சிறிய எண்ணுடையவர் இடப்புறக் கோட்டிலும், பெரிய எண்ணுடையவர் வலப்புறக் கோட்டிலும் செல்லவேண்டும். முதலில் வந்தவர், மற்றவர் வரும்வரை அங்கேயே காத்திருக்கவேண்டும். கோடுகளைக் கடந்து மறுமுனையை அடையும்போது, எவரும் எவரையும் வரிசைப்படுத்தாமலே, ஆறு எண்களும் சிறியதிலிருந்து பெரியதாக ஒழுங்குபெற்று நிற்கும். ஒருவர் எங்கேனும் வழுவினால் மறுமுனையில் அது தெரிந்துவிடும். எந்த வட்டத்திற் பிழைத்தது என்று பின்னோக்கி நடந்து தேடுவர். எண்ணுக்குப் பதிலாகச் சொற்களை எழுதிக் கொடுத்தால் அகராதி வரிசை வரும். ஒரே எண்ணை ஏந்திய இருவர் ஒரு வட்டத்திற் சந்தித்தால் யார் இடப்புறம் செல்வது என்ற வினாவும் எழும். ஆசிரியர் விடை சொல்லாமல் நின்றால், பிள்ளைகள் சிறிது நேரம் வாதாடி, எவர் எப்பக்கம் சென்றாலும் முடிவு மாறாது என்று தாமே கண்டுகொள்வர்.